என் முதுகைப் பார்க்கிறவள்

என் உடம்பை நான் ஆறு பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். முதலில் இடது காலை மடக்கு, அப்புறம் வலது. மூத்திர டியூப் தொடைக்கு அடியில் போகக்கூடாது, மேலே வரவேண்டும். பையைக் காலி செய்யும்போது தரையில் வைக்காதே. என்னைத் திருப்பும்போது கையைப் பிடித்து இழுக்காதே, தோளையும் இடுப்பையும் சேர்த்துத் தள்ளு. இவற்றைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. ஒருத்திக்குச் சொல்லி முடித்து, அவள் கை பழகி, இனிக் காலையில் பேசாமல் கிடக்கலாம் என்று நினைக்கும்போது அவள் வேலையை விட்டுப் போவாள். அடுத்தவள் வருவாள். முதலில் இடது காலை மடக்கு.

அவர்கள் போனதில் அதிசயம் எதுவும் இல்லை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரகடத்தைச் சுற்றி அப்போது புதிதுபுதிதாகக் கம்பெனி திறந்துகொண்டிருந்தார்கள். ஒரு பெண்ணுக்குக் கையும் காலும் நன்றாக இருந்தால் கேன்டீனில் எடுப்பார்கள், ஹவுஸ்கீப்பிங்கில் எடுப்பார்கள், கொஞ்சம் படித்திருந்தால் உற்பத்தி லைனிலேயே எடுப்பார்கள். யூனிஃபார்ம் உண்டு, பஸ் உண்டு, சாப்பாடு உண்டு. இதையெல்லாம் விட்டுவிட்டு என் மலத்தை அள்ள எவள் இருப்பாள்? நானாக இருந்தாலும் போயிருப்பேன். ஆனாலும் ஒவ்வொருத்தி சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டபோதும் கோபம் வந்தது. காலை ஆறு மணிக்குக் கதவைப் பார்த்துக்கொண்டு, ஆறரைக்கும் கதவைப் பார்த்துக்கொண்டு, ஏழு மணிக்கு இன்று யாரும் வரப்போவதில்லை என்று புரிந்துகொள்வது பழகவே பழகாது.

எனக்கு ஊர் கோவில்பட்டிப் பக்கம். 2007-இல் இங்கே வேலைக்கு வந்தேன், கார்களுக்கு ஒயர் கட்டுகிற ஒரு கம்பெனிக்கு. மூன்று வருடத்தில் லைன் லீடர் ஆனேன். அந்த வருடமே ஒரு சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து திரும்பும்போது ஷேர் ஆட்டோ கவிழ்ந்தது. இடுப்புக்குக் கீழே அன்றோடு எல்லாம் நின்றுபோனது. அசைவு இல்லை, தொட்டால் தெரியாது, சுட்டால் தெரியாது, வலியும் இல்லை. வலி இல்லை என்று கேட்டதும் சிலர், “அந்த மட்டும் நல்லதுதானே” என்பார்கள். முதல் இரண்டு வருடம் அவர்களிடம் சண்டை போட்டேன். அப்புறம் தலையாட்டிவிட்டு விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அண்ணன் என்னை ஊருக்குக் கூட்டிப் போனான். ஏழு மாதம் அவன் வீட்டு முன்னறையில் கிடந்தேன். வருகிறவர் போகிறவர் எல்லாம் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். மதினி முகம் சுளிக்காமல் எல்லாம் செய்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தவள் அவள். அவனுடைய தங்கச்சிக்குக் கால் கழுவிவிடுவேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. தண்ணீர் வேண்டும் என்று கேட்பதற்குக்கூட அவள் அடுப்பில் என்ன வைத்திருக்கிறாள் என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் கேட்பேன். சம்பளத்துக்கு வருகிறவளிடம் அந்தத் தொல்லை இல்லை. திட்டலாம். அவளும் திட்டலாம்.

இங்கே ஆள் எடுத்துக் கொடுக்கிற ஒருவர், தென்பக்கத்திலிருந்து வந்து இறங்கும் பெண்களை லைனுக்கு அனுப்புமுன் ஒரு வாரம் உட்காரவைத்து வகுப்பு நடத்துவார். பழைய லைன் லீடர் என்பதால் அந்த வேலையை எனக்குக் கொடுத்தார். அண்ணன் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் திரும்பி வந்தேன். ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகிற வழியில் தரைத்தளத்தில் ஒரு அறை, வாசலில் வீல்சேர் ஏற ஒரு சிமெண்டுச் சரிவு. காலை ஏழரைக்கு ஆட்டோ வரும். எட்டு மணிக்கு வகுப்பில் இருக்கவேண்டும். என் கதவு, என் சாவி, என் வேலை. ஆறு மணிக்கு ஒருத்தி வந்தால் இதெல்லாம் உண்டு. வராவிட்டால் இல்லை.

ஆறாவதாக வந்தவள் வல்லக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துக்காரி. முப்பது வயது இருக்கும். ஒரு கம்பெனியில் இரண்டு வருடம் கான்ட்ராக்டில் இருந்து, கான்ட்ராக்ட் முடிந்ததும் வெளியே வந்தவள். நல்ல பலசாலி. என்னை ஒரே மூச்சில் தூக்கி நாற்காலியில் வைப்பாள். முதல் நாளே அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இன்னாக்கா, ஒண்டியாவா கீற?” என்றாள். ஆமாம் என்றேன். “பேஜாரு இல்ல?” என்றாள். முதலில் இடது காலை மடக்கு என்றேன்.

லைன் லீடர் புத்தி என்னை விட்டுப் போகவில்லை. கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு செக் ஷீட் ஒட்டிவைத்திருந்தேன். எழுந்ததிலிருந்து ஆட்டோ வரும்வரை என்னென்ன செய்யவேண்டும் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம் போட்டது. பை காலி, ஒரு டிக். டியூப் துடைத்தது, ஒரு டிக். முதுகும் பிட்டமும் குதிகாலும் பார்த்தது, சிவப்பு இல்லை, ஒரு டிக். எல்லாவற்றுக்கும் சேர்த்து எழுபது நிமிடம். கடிகாரத்தை நான் படுத்தபடியே பார்க்கிற இடத்தில் மாட்டியிருந்தேன். இந்தப் பட்டியலில் முதுகு பார்க்கிற வரிதான் உயிர். உணர்ச்சி இல்லாத இடத்தில் ஒரு மடிப்பு, ஒரு பொத்தான், கொஞ்சம் ஈரம் போதும், தோல் சிவந்து உடைந்து புண்ணாகிவிடும். எனக்குத் தெரியாது. என்னால் பார்க்கவும் முடியாது. இன்னொருத்தி பார்த்துச் சொன்னால்தான் உண்டு.

அவள் வந்த இரண்டாவது மாதம் ஒரு நாள், “அக்கா, குதிகால்ல இன்னாமோ செவப்பா கீது” என்றாள். கண்ணாடியை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தேன். செருப்பு வாரின் தடம். அதைத் தேய்த்து, போகிறதா என்று பார்த்து, மறுபடியும் கண்ணாடி பிடித்து முடிப்பதற்குள் ஆட்டோக்காரர் மூன்று முறை ஹாரன் அடித்துவிட்டார். வகுப்புக்குப் பன்னிரண்டு நிமிடம் தாமதம். போவதற்குமுன் நான் கத்திய கத்தலில் பக்கத்து அறைப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“செருப்புத் தடம் எது, புண்ணு எதுன்னு தெரியாதா ஒனக்கு? வாயத் தொறக்கதுக்கு முன்னாடி மணியப் பாக்க மாட்டியா?”

அதற்குப் பிறகு அவள் நேரம் தவறவே இல்லை. எழுபது நிமிடம் அறுபத்தைந்து ஆனது, அறுபது ஆனது. எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு ஆளை நன்றாகத் தேற்றிவிட்டேன் என்று நினைத்தேன்.

அந்த வருடம் ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை காய்ச்சல் வந்தது. எனக்குக் காய்ச்சல் என்றால் எப்போதும் டியூப் கிருமிதான். மாத்திரை வாங்கிப் போட்டால் போய்விடும் என்று நினைத்து, வகுப்பு முடிந்ததும் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டாக்டரிடம் போனேன். ஊசி போடுவதற்காக நர்ஸ் என்னைத் திருப்பினார். திருப்பியவர் ஊசியைக் கீழே வைத்தார். அப்புறம், “இது எத்தனை நாளா இருக்கு?” என்று கேட்டார்.

“எது?” என்றேன்.

முதுகெலும்பு முடிகிற இடத்தில், இரண்டு பிட்டத்துக்கும் நடுவில், தோல் உடைந்து புண் ஆகியிருந்தது. டாக்டரும் வந்து பார்த்தார். தினமும் யாரும் பார்ப்பதில்லையா என்று கேட்டார். நான் விறைப்பாக, “தினமும் பாக்கோம் டாக்டர். வீட்ல செக் ஷீட் இருக்கு” என்றேன். நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும், சாயங்காலம் என்னைப் படுக்கவைக்க வந்திருந்த அவளைச் சுவரிலிருந்து அந்தத் தாளைக் கிழித்து எடுத்து வரச் சொன்னேன். கொடுக்கும்போதே அவள் முகம் சரியில்லை. அன்று வியாழக்கிழமை. கட்டங்கள் சனிக்கிழமை வரை டிக் ஆகியிருந்தன. நாளையும் மறுநாளும் என் முதுகில் சிவப்பு இல்லை. அதுவும் ஒரு நாள் நீல மையில், அடுத்த நாள் கறுப்பு மையில்.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அந்த இரண்டு பேனா வேலை எனக்கு நன்றாகத் தெரியும். லைனில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை செக் ஷீட் எழுதவேண்டும் என்பது விதி. எழுத நின்றால் லைன் ஓடிவிடும், டார்கெட் விழும், சூப்பர்வைசர் கத்துவார். அதனால் யாரும் எழுத மாட்டோம். ஷிஃப்ட் முடியும்போது உட்கார்ந்து மொத்தமாக டிக் போடுவோம். ஆடிட் வருகிறது என்றால் வாரம் முழுவதற்கும் போடுவோம். ஒரே மையில் இருந்தால் ஆடிட்டர் கண்டுபிடித்துவிடுவார் என்று இரண்டு பேனா வைத்துக்கொள்வோம். புதிதாக வந்த பெண்களுக்கு இதை நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இவளுக்கு இவளுடைய லைன் லீடர் சொல்லிக் கொடுத்திருப்பாள்.

சிரிப்பு அடங்கியதும் பயம் வந்தது. “எப்பப் பாத்த?” என்று கேட்டேன்.

“திங்கக்கெழமையே பாத்தேங்க்கா. லேசா செவந்துகினு இருந்துச்சு.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா கத்துவ. மணி ஏழே கால் ஆயிட்ச்சு. அதுவா பூடும்னு வுட்டேன்.”

அவளை அன்றே அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் மறுநாள் காலை ஆறு மணிக்கு யாரும் இல்லை. அவளுக்கும் அது தெரியும். வாசல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து அழுதாள். எனக்கு அழவும் தெம்பில்லை.

உட்காரவே கூடாது என்று சொல்லிவிட்டார் டாக்டர். குப்புறவோ ஒருக்களித்தோ படுத்தே இருக்கவேண்டும், புண் சுருங்குகிறதா என்று தினமும் பார்க்கவேண்டும், கறுத்தாலோ ஆழம் போனாலோ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடவேண்டும். வகுப்புக்காரர் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கிறேன் என்றார். அண்ணன்தான் பொறுக்கவில்லை. அன்றே கிளம்பி வருகிறேன் என்றான். நான் போனில் கெஞ்சினேன். கடைசியில் பத்து நாள் தவணை கொடுத்தான்.

“பத்து நாளு பாப்பேன். கொறஞ்சா அங்கனயே இரு. கொறையலன்னா வண்டி எடுத்துட்டு வந்துருவேன், நீ ஒண்ணும் பேசக்கூடாது. அதுவும் ஒன்ட்ட கேக்க மாட்டேன். நீ பொய் சொல்லுவ. அந்தப் பிள்ளைட்டதான் கேப்பேன்.”

ஊருக்குப் போனால் மறுபடி திரும்பி வரமாட்டேன் என்று எனக்குத் தெரியும். அறையை எத்தனை மாதம் பூட்டி வைப்பார்கள்? வகுப்புக்கு வேறு ஆள் வந்துவிடுவாள். அந்த முன்னறைக்கு ஒரு தடவை போய் ஒரு தடவை தப்பி வந்தாயிற்று. இரண்டாவது தடவை தப்பிக்க வயதும் இல்லை, வீம்பும் இல்லை.

செக் ஷீட்டை மறுபடி ஒட்டவில்லை. அவளிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். காலையில் வந்ததும் வேறு எதையும் தொடாதே. புண்ணைப் பார். பார்த்ததை வாயால் சொல். நல்லதோ கெட்டதோ, சொல். நான் கத்த மாட்டேன்.

“கத்த மாட்டியா?” என்றாள், நம்பாமல்.

“மாட்டேன்.”

இப்படியாக அந்தப் பத்து நாள் தொடங்கியது. நான் குப்புறக் கிடப்பேன். விடிந்தும் விடியாமலும் வெளியே கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும். அவள் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, கை கழுவிவிட்டு, துணியை விலக்கிப் பார்ப்பாள். எனக்கு அவள் கை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. குரல் மட்டும் கேட்கும். “சோடா மூடி அளவு கீது.” மறுநாள், “அதே சோடா மூடிதான்.” அதற்கடுத்த நாள், “தண்ணியாட்டம் வடிஞ்சிகினு கீது, வாடை இல்ல.” நான்காவது நாள், “ஒரு ஓரமா ரோஸ் கலர்ல சதை வருதுக்கா” என்றாள். அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம். தலையணையில் தாடையை வைத்துக்கொண்டு அவளுடைய மாமியார் கதையெல்லாம் கேட்டேன். மதியம் பக்கத்துக் கடையிலிருந்து போண்டா வாங்கி வரச் சொல்லி இரண்டு பேரும் தின்றோம்.

ஆறாவது நாளிலிருந்து அவள் குரல் மாறியது. வாடை வருகிறது என்றாள். டாக்டரிடம் கேட்டு மருந்து மாற்றினோம். எட்டாவது நாள் பார்த்துவிட்டு, எழுந்து போய் மறுபடி கை கழுவிவிட்டு வந்தாள். நான், “சொல்லுட்டி” என்றேன். “ஓரம் கருத்துகினு வருதுக்கா” என்றாள். நான் கத்தவில்லை. டாக்டர் சொன்ன பெரிய ஆஸ்பத்திரியை இன்னும் இரண்டு நாள் தள்ளிப்போட்டு, தலையணை உறையைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

பத்தாவது நாள் காலை பார்த்துவிட்டு, “நேத்துக்கு இன்னிக்கு பெருசாத்தான் கீது. உள்ள பள்ளமா தெரியுது” என்றாள். ஒன்பது மணிக்கு அண்ணன் போன் பண்ணுவான். மணி ஏழு ஆகியிருந்தது. இரண்டு மணி நேரம் யோசித்தேன் என்று சொல்லமுடியாது. அவள் சொல்லி முடித்த அடுத்த நொடியே முடிவு செய்துவிட்டேன்.

“எங்கண்ணன் கேட்டா கொறஞ்சிருக்குன்னு சொல்லிரு.”

அவள் மருந்துத் துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னும் ஒரு வாரம் கெடச்சாப் போதும். புது மருந்து இப்பத்தான போட்டுருக்கு. என்ன, கேக்கியா?”

அவள் பையைக் காலி செய்ய எழுந்து போனாள். சரி, சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அவளுக்கும் வேலை வேண்டும் அல்லவா? நான் போய்விட்டால் அவளுக்கு மறுநாள் எங்கே போவதென்று தெரியாது. அந்தக் கணக்கில்தான் அவளை நம்பினேன்.

ஒன்பது மணிக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டு என் தலைமாட்டில் வைத்தாள். அண்ணன் என்னிடம் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு, “அந்தப் பிள்ளைட்ட குடு” என்றான். குப்புறக் கிடந்தபடி கழுத்தை எவ்வளவு முடியுமோ அவ்வளவு திருப்பி அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“கொறையலண்ணா. ஓரமெல்லாம் கருத்துப்பூட்ச்சு. பள்ளம் வுழுந்துகினு கீது. சீக்கிரம் வாங்கண்ணா.”

அண்ணன் வைத்துவிட்டான். அதன் பிறகு நான் என்னவெல்லாம் சொன்னேன் என்பதை எழுதக் கை வரவில்லை. துரோகி என்றேன். அவள் வீட்டை, அவள் பிள்ளைகளைக்கூட விடவில்லை. கைக்கு எட்டிய மருந்து டப்பாவைத் தூக்கி எறிந்தேன். அது சுவரில் பட்டு விழுந்தது. அவள் அதை எடுத்து வைத்துவிட்டு வந்து கட்டில் பக்கத்தில் குந்தினாள். என் முகத்துக்கு நேராக அவள் முகம் இருந்தது.

“கத்துக்கா, நல்லா கத்து. மொத தபா உன் கத்தலுக்கு பயந்துதான் வாய மூடிகினு இருந்தேன். அதான் நீ இப்டி கெடக்குற. இந்த தபாவும் பயந்தேன்னு வையி, நீ செத்துப்பூடுவ. எனக்கு மட்டும் வேலை போவலையா? போவுதுதான். போவட்டும்.”

நான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன். கிடந்த கிடையில் என்னால் செய்யமுடிந்தது அது ஒன்றுதான். அவள் எழுந்து போய் எனக்குக் கஞ்சி வைத்தாள்.

மறுநாள் மதியம் அண்ணனும் மதினியும் வேனில் வந்தார்கள். நேராக ஊர்ப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவென்று பின்சீட்டை எடுத்துவிட்டு மெத்தை போட்டிருந்தான் அண்ணன். அறையைக் காலி செய்ய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அவ்வளவுதான் சாமான் இருந்தது. அவள்தான் என்னைத் தூக்கினாள். அண்ணன் கை கொடுக்க வந்தபோது வேண்டாம் என்று சொல்லி, தனியாகவே தூக்கி வேனுக்குள் குப்புறப் படுக்கவைத்தாள். முந்தின நாள் காலையிலிருந்து நான் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

வேன் கிளம்புமுன் மதினியைப் பக்கத்தில் கூப்பிட்டாள். என் மேல் இருந்த போர்வையை விலக்கி, ஒவ்வொரு இடமாகத் தொட்டுக் காட்டிச் சொன்னாள். நான் சொல்லிக் கொடுத்ததோடு நிறுத்தவில்லை. வலது பக்கம் ரொம்ப நேரம் படுத்தால் எனக்கு மூச்சு இரைக்கும் என்றாள். டியூப் அடைத்தால் முதலில் நெற்றி வியர்க்கும், காய்ச்சல் அதற்கப்புறம்தான் வரும் என்றாள். வெளிக்கி எடுக்கும்போது பேச்சுக் கொடுக்கக்கூடாது, கண்ணை மூடிக்கொள்வேன், அப்போது ரேடியோ போட்டுவிட்டால் போதும் என்றாள். அது எனக்கே தெரியாது. தண்ணீர் வேண்டுமென்றாலும் கேட்க மாட்டேன், உதட்டை நக்குவேன், அப்போது கொடுத்துவிடவேண்டும் என்றாள். “திட்டும். திட்டினா வுட்டுடுங்க. நீங்க பாத்தத அதுங்கிட்ட சொல்லிடுங்க, அது போதும்” என்றாள்.

மதினி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வேனுக்குள் குனிந்து, “ஏம்மா, இந்தப் பிள்ளை சொல்லுதது எல்லாம் சரிதானா?” என்று என்னைக் கேட்டாள்.

சொன்னவள் வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஏதாவது திருத்துவேன் என்று காத்திருந்தாள்.

“அவ சொன்னாச் சரிதான் மதினி” என்றேன்.